முரட்டுத் தளிர்

என் அக்காவை வேலையை விட்டுத் துரத்திய மனிதருக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் என் அக்கா ஒன்பது வருடம் கண்ணும் கருத்துமாக வளர்த்த செடிக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். அதனால் தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு அதே பெயரில் ஒரு வயதான அம்மா இருமல் மருந்து வாங்க வருவார். பாவம், அவரிடம் நான் ஒரு நாளும் சிரித்துப் பேசியதில்லை.

அக்கா ஒரு செடி நர்சரியில் பத்தொன்பது வருடம் இருந்தாள். அம்மா இறந்துபோனபோது நான் ஏழாம் வகுப்பு. அக்கா பள்ளிக்கூடப் பையைத் தூக்கி அலமாரி மேல் போட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரத்து நர்சரிக்கு வேலைக்குப் போனாள். நான் படித்து மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன் என்றால் அது அவள் மண்ணில் உட்கார்ந்ததால்தான். இதை நான் நெகிழ்ந்துபோய்ச் சொல்லவில்லை. எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று யாரும் பிறகு கேட்கக் கூடாது என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

அங்கே அவளுக்கு நகக்காரி என்று பெயர். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்து, உப்புத்தாளில் தேய்த்துக் கூராக வைத்திருப்பாள். எல்லாரும் கத்தரிக்கோலில் செய்யும் வேலையை அவள் நகத்தால் செய்வாள். செடிச்சாறு ஏறி ஏறி அந்த நகம் பச்சையாகவே போய்விட்டது, எந்தச் சோப்புக்கும் அசையாது. தொழில் புத்தியில் நானே ஒரு தடவை பூஞ்சைக் களிம்பு கொண்டுவந்து கொடுத்தேன். அதை என் முகத்துக்கே தடவிவிட்டாள்.

செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நர்சரிக்காரர்கள் பட்டன் செடி என்பார்கள். தரையோடு ஊர்ந்து படரும், சட்டைப் பட்டன் அளவு இலை, ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். மூன்று கணு இருக்கிற மாதிரி ஒரு துண்டைக் கிள்ளி, அடி இலையை உருவிவிட்டு, ஈரமான தேங்காய் நார்த்தூள் நிரப்பிய குழித்தட்டில் படுக்க வைத்து இரண்டு விரலால் அழுத்தினால் போதும். பத்து நாளில் பிடித்துக்கொள்ளும். கைதவறிக் கீழே விழுந்த துண்டுகூட விழுந்த இடத்திலேயே குடித்தனம் தொடங்கிவிடும்.

ஒரு நாள் காலையில் மூன்றாம் கொட்டகையில், நூற்றுக்கணக்கான தட்டுகளுக்கு நடுவே, ஒரே ஒரு கொடியில் இலையெல்லாம் கடுகளவில் இருப்பதை அக்கா பார்த்தாள். மண்ணில் பசை தடவி ஒட்டிய மாதிரி அது தட்டையாகக் கிடந்ததாம். அதை மூன்று துண்டாக்கி வைத்தாள். இரண்டு செத்துப் போயின. பிழைத்த ஒன்றிலிருந்துதான் எல்லாம். அதற்கு அவள் வைத்த பெயர் ‘பொடி’. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அதைப் பற்றியே பேசினாள்.

பொடியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தான் பட்டன் செடி வயிற்றில் பிறந்ததை அது மறக்கவே இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை, சின்ன இலைகளுக்கு நடுவே எங்கேயாவது ஒரு தளிர் பழையபடி பெரிய இலையோடு கிளம்பும். அக்கா அதை முரட்டுத் தளிர் என்பாள். சின்ன இலைக்கொடி ஒரு விரற்கடை போவதற்குள் முரட்டுத் தளிர் ஒரு சாண் போய்விடும். விட்டுவைத்தால் மேலே படர்ந்து, வெளிச்சத்தை மறைத்து, அடியிலிருக்கும் சின்னதைக் கொன்றுவிடும். அதனால் தினமும் காலை ஏழு மணிக்கு, யாரும் வருவதற்கு முன், துண்டு கிள்ளுவதற்கென்றே வைத்திருக்கும் தாய்த்தட்டுகள் முன்னால் குந்தி உட்கார்ந்து முரட்டுத் தளிரையெல்லாம் அடிக்கணுவோடு நகத்தால் கிள்ளி எறிவாள். ஒன்பது வருடம். காய்ச்சலோடும் போயிருக்கிறாள்.

"ஒரு நாலு நாள் விட்டா என்ன ஆகும்?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நாலு நாள் விட்டா திருத்திரலாம். நாலு மாசம் விட்டா அவ்வளவுதான், பட்டன் செடி மட்டும்தான் இருக்கும். இந்தச் சின்ன இலை ஒரே ஒரு தடவைதான்டி வந்துச்சு. தானா வந்துச்சு. நான் பாத்தேன், காப்பாத்துனேன், அவ்வளவுதான். மறுபடி வரும்னு யாரும் சொல்ல முடியாது."

இதை ரகசியமாக வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது. முதலாளியிடம் ஒரு தடவை விளக்கப் போயிருக்கிறாள். அவர் போனில் இருந்தார். "அதெல்லாம் உன் டிபார்ட்மென்ட்மா" என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். நம் சமையலறை ஜன்னலுக்கு ஒரு துண்டு கொண்டுவாயேன் என்று நான் கேட்டபோதும், "நர்சரிச் செடி நர்சரியிலதான் இருக்கும்" என்றாள். அவ்வளவு யோக்கியம். எரிச்சலூட்டும் யோக்கியம்.

பிறகு அந்தச் செடிக் கண்காட்சி வந்தது. பொடிக்கு முதல் பரிசு. அக்கா புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி மேசையில் ஒரு தட்டு, பக்கத்தில் தங்கநிற ஓரம் வைத்த அட்டை. அட்டையில் செடியின் பெயராக முதலாளி மகளின் பெயர். அதற்குக் கீழே ‘உருவாக்கியவர்’ என்று போட்டு முதலாளியின் பெயர். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நடுவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே போய்க் கேட்டாள்: "சார், என் பேரு எங்க சார்?"

அவர் அசரவில்லை. "எங்க ஆளுங்க எல்லாருமே இதைத் தன் குழந்தை மாதிரி நினைக்கிறாங்க, பாருங்க" என்று நடுவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்தத் தங்க அட்டையை எடுத்து அவர் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "கிள்ளி நட்டா முளைக்கிற செடி. இதுல நீ என்னம்மா பெருசா கிழிச்சுட்ட? இங்க இருபது பேருக்குக் கை இருக்கு" என்றாராம். வாசலில் காவல்காரர் அவள் பையைக் கொட்டிச் சோதித்தார். பல வருடம் அவள் பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்த மனிதர். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியின் ரப்பரைக்கூட விரலால் தடவிப் பார்த்தார். ஒரு துண்டு இலையும் இல்லை. இருக்காது என்று அவருக்கும் தெரியும்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து கத்தினேன். போய் நர்சரிக் கண்ணாடியை உடைக்கிறேன் என்றேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "உக்காருடி" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, வெங்காயத்துக்குக்கூட வரவில்லை.

"மூணு மாசம் பொறு. முரட்டுத் தளிர் கிளம்பும். கிள்ளணும்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. இலை பெருசாகுதேன்னு பதறுவாங்க. அப்ப என்கிட்டதான் வந்தாகணும். அவரே வரணும். கொட்டகையில எல்லாரும் நிக்கும்போது, ‘எப்படிம்மா?’ன்னு வாயைத் திறந்து கேக்கணும். முதல்ல அட்டையை மாத்தி எழுதுங்கன்னு சொல்லுவேன். எழுதினா அங்கேயே உக்காந்து கிள்ளிக் காட்டுவேன்."

"வரலைன்னா?"

"கண்ணு இருக்கிறவன் மூணு மாசத்துக்குள்ள பாத்துருவான். அதுவரைக்கும் தாய்த்தட்டு தாங்கும்."

இவ்வளவுதான் அவளுடைய பழிவாங்கல். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஆள் வந்து பல்லைக் காட்டியதும் இவள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடுவாள்! பத்தொன்பது வருடம் கொடுத்தது போதாதா?

அவளுக்கு வேறு வேலை கிடைத்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒன்பது மாடிக்கும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் செடிகளைத் துடைக்கும் வேலை. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்க வேண்டும். "இதுங்க ரொம்ப நல்ல செடிடி, ஒரு தளிரும் விடாது" என்று அவளே கேலி பேசுவாள். ஆனால் நகத்தை வெட்டவில்லை. ஞாயிறுதோறும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டாள்.

எட்டாவது வாரம், என் கடைக்கு வயிற்றுவலி மாத்திரை வாங்க வந்த நர்சரி வண்டி ஓட்டுநர் ஒரு சேதி சொன்னார். புதிதாகக் கட்டும் நூலகத்தின் நடு முற்றத்துக்குப் பொடியைத்தான் கேட்டிருக்கிறார்களாம். கல் பலகைகளுக்கு இடையில் நட நாலாயிரம் கன்று. முதலாளி தரையில் கால் பாவாமல் திரிகிறாராம். அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நாலாயிரமா? அப்பக் கட்டாயம் வருவாங்க" என்றாள்.

பதினோராவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் கேட்டார்கள்.

அக்கா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். அடித்தது. எடுத்தேன். நர்சரி மேற்பார்வையாளர், முதலாளியின் மச்சான். எந்நேரமும் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே திரிவதால் அவருக்குக் குழாய் என்று பெயர். அப்பிராணி.

"அக்கா இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல, அந்தச் சின்ன இலைச் செடி... அங்கங்க இலை பெருசு பெருசா வருது. நல்லதா கெட்டதான்னு தெரியல. தாய்த்தட்டுல ரெண்டு தட்டுதான் முழுக்கச் சின்னதா இருக்கு. முதலாளிகிட்டக் கேட்டா கத்துவாரு. அதான் அக்காகிட்டக் கேக்கலாம்னு..."

  அந்த அட்டையும், நடுவர்களின் சிரிப்பும், சாப்பாட்டு டப்பா மூடியைத் தடவிய விரலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"அதுவா, அக்கா வீட்டுல அடிக்கடி சொல்லுவா" என்றேன். என் குரல் எனக்கே அவ்வளவு இனிமையாகக் கேட்டது. "நீளமா ஓடுற தளிர்தான் நல்ல தளிர். அதுல இருந்துதான் வெட்டி நடணும், சீக்கிரம் வேர் பிடிக்கும். ரொம்பச் சின்னதா இருக்கிறதெல்லாம் நோஞ்சான். எடுத்துப் போட்டுருங்க, இல்லைன்னா மத்ததுக்கும் நோய் பரவிரும்."

"அப்படியா? நானும் நெனச்சேன், நீளமா இருக்கிறதுதான் ஒரே வாரத்துல பிடிக்குது. ரொம்ப நன்றிம்மா."

போனிலிருந்து அந்த அழைப்பின் தடத்தை அழித்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! ஐந்து நிமிடம் சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். செடியைப் பற்றி நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். ஒரு தடவை கண்டுபிடித்தவளுக்கு இன்னொரு தடவை கண்ணில் படாதா என்று நினைத்தேன். அவள் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்துதான் இருந்தது, மனதில் ஏறவில்லை. அக்கா காலி வாளியோடு இறங்கி வந்து, "யாருடி போன்ல?" என்றாள்.

"ராங் நம்பர்" என்றேன்.

பன்னிரண்டாவது வாரம் போனது. பதின்மூன்றாவது வாரமும் போனது. அக்கா வேலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் போனைப் பார்ப்பாள். "இந்நேரம் தெரிஞ்சிருக்கணுமே... அவ்வளவு குருடா?" என்பாள். ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், அட்டை கிடக்கட்டும் என்றாள். நான் வாசலில் கையை விரித்து மறித்தேன்.

"நீயா போய் நின்னா உனக்கு என்ன மதிப்பு? பையைக் கொட்டிப் பாத்தானே, அந்தாளு முன்னாடி மறுபடி போய் நிக்கப் போறியா?"

 அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக அன்றைக்கு எனக்குப் பெருமை.

எட்டாவது மாதம் நூலகத் திறப்பு. விடுப்பு எடுத்துக்கொண்டு நான் வேடிக்கை பார்க்கப் போனேன். ஆஹா, என்ன காட்சி! கல் பலகைகளுக்கு இடையே தட்டையாகக் கிடக்க வேண்டிய செடி கணுக்கால் உயரத்துக்கு எழும்பி, பலகைகளையே மூடியிருந்தது. எங்கே கல், எங்கே மண் என்று தெரியவில்லை. விருந்தாளி அம்மையார் ஒருவரின் செருப்புக் குதி கொடியில் மாட்டி, அவர் தடுமாறிப் பக்கத்திலிருந்தவரின் சட்டையைப் பிடித்துத் தொங்கினார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. நூலகப் பொறுப்பாளர் அவரை ஓரமாகக் கூட்டிப் போய், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள், இனி இந்தப் பக்கமே வராதீர்கள் என்று சொன்னது தூண் பின்னால் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டில் நடித்துக் காட்டினேன். அம்மையார் தொங்கியதை இரண்டு தடவை செய்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"இலை எவ்வளவு பெருசு?"

"சட்டைப் பட்டன் அளவு."

"எல்லாமேவா? எங்கேயாவது ஓரத்துல, கல் இடுக்குல, ஒண்ணுகூடச் சின்னதா இல்லையா? நல்லாப் பாத்தியா?"

நான் அதைப் பார்க்கப் போகவில்லை. "பாக்கல" என்றேன்.

மறுநாளே முதலாளி வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வாசலில் நின்றார், பின்னால் குழாய். நான் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்தார். தங்கநிற ஓரம். ‘உருவாக்கியவர்’ என்ற இடத்தில் என் அக்காவின் பெயர், அச்சில்.

"தப்பு என் மேலதாம்மா. பேரை மாத்தியாச்சு. வந்து செடியைக் காப்பாத்திக் குடு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேக்கச் சொன்னாலும் கேக்குறேன்."

பத்தொன்பது வருட வாழ்க்கையில் அவள் எதிர்பார்த்த ஒரே வார்த்தை அது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அக்கா அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் படியிறங்கினாள். நானும் ஓடினேன்.

மூன்றாம் கொட்டகையில் காலை பத்து மணிக்குக் குனிந்தவள் மாலை வரை நிமிரவில்லை. தாய்த்தட்டு ஒவ்வொன்றாக எடுத்து, பெரிய இலைகளை விலக்கி விலக்கி அடியில் பார்த்தாள். மேசைக்குக் கீழே, தண்ணீர் வடியும் கால்வாய் ஓரத்தில், சிமெண்ட் விரிசலில், நிழல்வலைக் கம்பத்தின் அடியில் தேடினாள். பின்பக்கக் குப்பைமேட்டை இரண்டு கையாலும் கிளறினாள். வேலைக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். அவள் ஆசைப்பட்ட மாதிரியே எல்லாரும் நின்றார்கள். எங்கே பார்த்தாலும் பட்டன் அளவு இலை.

கடைசியில் எழுந்து குழாயிடம் கேட்டாள். "ரெண்டு மூணு மாசம் வரைக்கும் சின்னது இருந்திருக்குமே. அதெல்லாம் எங்க?"

"நோஞ்சான்னு எடுத்து எரிச்சுட்டோம்கா. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு உங்க தங்கச்சிதான் போன்ல..."

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கொட்டகையில் எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. அதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்த முதலாளி மெதுவாக நிமிர்ந்தார். அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

"பாத்தியாம்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார். அட்டையை எடுத்த பைக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு நானே என் வாயால் விடுதலை கொடுத்திருந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் அக்காவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கை இரண்டும் முழங்கை வரை மண். நான் பேச ஆரம்பித்தேன். உனக்காகத்தான், அவர் செய்ததற்கு அது கொஞ்சம்தான், எனக்கு வயிறு எரிந்தது, நீ மறுபடி கண்டுபிடிப்பாய் என்று நினைத்தேன், இப்படி என்னென்னவோ.  ஒரு பேருந்து வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.

"போன் பண்ணினப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு சொன்னான்?"

"ரெண்டு தட்டு."

"ரெண்டு தட்டு" என்று அவளும் சொன்னாள். இரண்டு தட்டிலிருந்து எத்தனை துண்டு கிள்ளலாம் என்று அவளுக்குத் தெரியும். நூலக முற்றத்தைப்போல் பத்து முற்றம் நிரப்பியிருப்பாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் கத்தவில்லை.

"அவரு எம் பேரைத்தான்டி எடுத்தாரு" என்றாள். "நீ செடியையே எடுத்துட்ட."